நேரமே இல்லாத சமன்பாட்டில் எந்தக் கடிகாரத்தை நம்புவது?

சாதாரணக் குவாண்டம் இயற்பியலில் நேரம் ஆய்வுக்கூடச் சுவரில் தொங்கும் கடிகாரம் மாதிரி. அதைப் பார்த்துத்தான் மற்றதையெல்லாம் அளக்கிறோம். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலிலோ அப்படி மாட்டி வைக்கச் சுவரே கிடையாது. இரண்டையும் இணைத்து 1967-இல் வெளிவந்த வீலர்–டிவிட் சமன்பாட்டில் நேரம் அடியோடு காணாமல் போனது. சரி, அப்படியானால் 'முதலில் ஒன்றை அளந்தேன், பிறகு இன்னொன்றை' என்பதற்கு என்ன பொருள்? போட்டியிலிருக்கும் வழிகளை நான் இந்த ஒரு கேள்வியால்தான் உரசிப் பார்ப்பேன்.

ஈர்ப்பைக் குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவரும் முன்பே, அதாவது குவாண்டமாக்கும் முன்பே, ஏதோ ஒன்றை நேரம் என்று தேர்ந்துவிடுவது பழைய வழி. நிலை நேரத்தோடு எப்படி மாறும் என்று சொல்லும், பழகிய ஷ்ரோடிங்கர் சமன்பாடு திரும்பக் கிடைக்கும், அளவீட்டு விதிகளும் அப்படியே செல்லும். ஆனால் வேறொரு கடிகாரத்தைத் தேர்ந்தால் வேறொரு கோட்பாடு வந்து நிற்கலாம். எனக்கு இது கேள்வியைத் தாண்டிக் குதிப்பதாகவே படுகிறது.

இயற்பியலாளர்கள் பேஜும் வூட்டர்ஸும் 1983-இல் சொன்னது துணிச்சலானது. பிரபஞ்சம் மொத்தமாக உறைந்தே இருக்கட்டும். அதன் ஒரு பகுதியைக் கடிகாரமாகக் கொள்வோம், அது மீதியோடு குவாண்டம் பின்னலில் இருக்கிறது, அதாவது ஒன்றின் நிலையை மற்றதை விட்டுத் தனியாகச் சொல்ல முடியாது. 'முள் மூன்றில் நிற்கும்போது துகள் எங்கே?' என்று மட்டும் கேட்கலாம். 2013-இல் டூரினில் இரண்டு ஃபோட்டான்களை வைத்து இதைச் செய்தும் காட்டினார்கள் (ஈர்ப்புக்கு அதில் வேலை இல்லை, அழகான செயல்விளக்கம், அவ்வளவுதான்). இயற்பியலாளர் குகார் இந்த வழியில் பிடித்த ஓட்டை இரண்டாம் அளவீட்டில் இருந்தது: முதல் அளவீடு முடிந்ததும் நிலை வீலர்–டிவிட் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுவதில்லை, அடுத்த கேள்விக்குத் துகள் நகரவே இல்லை என்று பதில் வருகிறது. 2015-இல் ஜோவானெட்டி, லாயிட், மக்கோன் மூவரும் அளக்கும் கருவியின் நினைவையும் அமைப்புக்குள்ளேயே சேர்த்தார்கள். இப்போது இரண்டு முறை கேட்க வேண்டியதில்லை. 'முள் ஐந்தில் நிற்கும்போது பழைய பதிவு என்ன, துகள் எங்கே?' என்று ஒரே தடவை கேட்டால் சரியான விடை கிடைக்கிறது. 'முன்பு' என்பது இங்கே பதிவாக மட்டுமே இருக்கிறது.

வெளி நேரத்தை விட்டு, ஓர் அளவு இன்னோர் அளவோடு சேர்ந்து எப்படி மாறுகிறது என்று மட்டும் பார்க்கும் இயற்பியலாளர் ரொவெல்லியின் உறவுமுறை அணுகுமுறை கணிதத்தில் இன்னும் சுத்தமானது. ஆனால் நிஜமான ஈர்ப்பில் அது கேட்கும் அளவைகளைக் கட்டி எழுப்புவது பெரும்பாடு. கடிகாரம் மீதியோடு வினைபுரியாத மாதிரிகளில் இதுவும் பேஜ்–வூட்டர்ஸும் ஒன்றேதான் என்று ஹோன், ஸ்மித், லாக் காட்டிவிட்டார்கள். ஆகப் பாதிச் சண்டை மொழியைப் பற்றியது.

என் ஓட்டு பேஜ்–வூட்டர்ஸுக்கு. ஆனாலும் உன்ருவும் வால்டும் 1989-இல் சொன்னது உறுத்துகிறது: ஆற்றலுக்குக் கீழ் எல்லை (அதற்குக் கீழே இறங்க முடியாத ஒரு மதிப்பு) இருக்கும்வரை, எந்த நிஜக் கடிகாரமும் சிறிதளவு நிகழ்தகவோடு பின்னோக்கி ஓடும்.