ஸ்ப்ரேக் ஏரிக்கரையில் எங்கள் திருமணம்: மலைத் திருமண ஏற்பாட்டுச் சேவை ஒன்றின் மதிப்புரை

கடந்த செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது வாரத்தில், ஒரு புதன்கிழமை விடியற்காலையில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ராக்கி மலைத் தேசியப் பூங்காவில், ஸ்ப்ரேக் ஏரியின் கரையில் எங்கள் திருமணம் நடந்தது. நாங்கள் இருவர், இரு வீட்டுப் பெற்றோர், கணவரின் தங்கை என மொத்தம் ஏழு பேர்தான். பூங்காவின் வாசலில் இருக்கும் எஸ்டெஸ் பார்க் என்ற மலையூரில் இயங்கும் ஒரு சிறிய நிறுவனம் இதற்கான ஏற்பாடுகளைச் செய்து தந்தது. அந்தச் சேவை எப்படி இருந்தது, கொடுத்த பணத்துக்குத் தகுந்ததா என்பதை, எங்களைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ் இணைகளுக்காக எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போகிறேன், அவற்றுக்காக அவர்கள் எங்களிடம் நேரிலேயே வருத்தம் தெரிவித்துவிட்டதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இத்தகைய திருமணத்தை இங்கே 'எலோப்மென்ட்' என்கிறார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்த் திருமணம் செய்துகொள்வது என்ற பழைய பொருள் மங்கி, ஊரைக் கூட்டாமல் தாங்கள் விரும்பிய இடத்தில் மிகச் சிலர் முன்னிலையில் மணந்துகொள்வது என்ற பொருளே இப்போது வழக்கில் இருக்கிறது. நம் அகத்திணை மரபில் தலைவனும் தலைவியும் ஊரைவிட்டுச் செல்வதை உடன்போக்கு என்று சொல்வார்கள். எங்களுடையது பெற்றோரையும் உடன் அழைத்துக்கொண்டு போன உடன்போக்கு. நான் திருச்சிக்காரி, அவர் நாகர்கோவிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. மண்டபமா தேவாலயமா என்ற பேச்சு இரண்டு ஆண்டுகள் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனது. இரண்டு வீட்டிலும் தாலி உண்டு என்பது மட்டுமே எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்தத் தாலியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்துக்குப் போகலாம் என்று கணவர் சொன்னபோது, முதலில் தலையசைத்தவர் என் மாமியார்தான்.

ஏற்பாட்டாளரைத் தேடத் தொடங்கியபோது முதலில் பேசியது வேறொரு நிறுவனத்துடன். "ஏழு பேர்தானே, அனுமதியெல்லாம் தேவையில்லை, யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்" என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு ஏறத்தாழ ஒப்புக்கொண்டிருந்தோம். அது உண்மை இல்லை. அந்தப் பூங்காவில் எத்தனை பேர் கூடினாலும் திருமணச் சடங்குக்குச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். அதற்கென ஒதுக்கப்பட்ட சில இடங்களில்தான் நடத்த வேண்டும். மாதத்துக்கு இத்தனை அனுமதிகள்தான் என்ற வரம்பும் உண்டு. ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் பூங்கா அது. எல்லோரும் 'யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று நினைத்தால் அந்த ஏரிக்கரைகள் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்தின் பெண்மணியோ, முதல் தொலைபேசி உரையாடலிலேயே எதையெல்லாம் செய்யக் கூடாது என்பதிலிருந்துதான் பேச்சைத் தொடங்கினார். நாங்கள் அவரை நம்பியதற்கு அதுவே காரணம்.

அவர் சொன்ன பட்டியல் எங்கள் வீட்டாருக்கு எளிதாக இருக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட அடுப்புகளைத் தவிர வேறெங்கும் தீ மூட்டக் கூடாது என்பதால் ஹோமத்துக்கு வழியில்லை. ட்ரோன் பறக்கவிடுவது அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதலே தடைசெய்யப்பட்டிருக்கிறது. அரிசியையோ பூவிதழையோ தூவக் கூடாது. அட்சதை இல்லாமல் கல்யாணமா என்று அம்மா அன்றிரவு முழுவதும் வருந்தினார். ஏற்பாட்டாளருக்கு அட்சதை என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளாமல், அது எதற்காகத் தூவப்படுகிறது, யார் தூவுவார்கள், தலையில் பட வேண்டியது கட்டாயமா என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவரே ஒரு யோசனை சொன்னார்: பெரியவர்கள் மஞ்சளரிசியைக் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, மூடிய கையாலேயே எங்கள் உச்சந்தலையைத் தொட்டு வாழ்த்தட்டும், ஒரு மணிகூடத் தரையில் விழாது. அன்று காலையில் நான்கு பெரியவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அம்மாவின் மூடிய கை என் தலையில் இருந்தபோது உள்ளே அரிசி நறநறத்தது எனக்குக் கேட்டது. தூவியிருந்தால் அந்த ஓசையை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

சட்டம் சார்ந்த வழிகாட்டுதலுக்கு முழு மதிப்பெண் தரலாம். கொலராடோவில் மணமக்கள் தங்கள் திருமணத்தைத் தாங்களே நடத்திவைத்துக்கொள்ளலாம். மதகுருவோ நீதிபதியோ சாட்சியோ தேவையில்லை. மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான கவுண்டியின் கிளார்க் அலுவலகத்தில் 30 டாலர் கட்டி உரிமம் பெற்று, 35 நாட்களுக்குள் திருமணத்தை முடித்து, கையொப்பமிட்ட படிவத்தைத் திருமண நாளிலிருந்து 63 நாட்களுக்குள் திருப்பி அளிக்க வேண்டும். காத்திருப்புக் காலம் கிடையாது. அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதையே நாங்கள் இந்தியாவில் செய்திருந்தால், இரு மதத்தினர் என்பதால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பும் மூன்று சாட்சிகளும் தேவைப்பட்டிருக்கும்.

பாதிரியார் இல்லாமல் நடக்கும் திருமணம் செல்லுமா என்று மாமனார் கேட்டபோது, பதில் சொன்னவர் என் அப்பா. என் தாத்தாவும் பாட்டியும் 1950களில் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். அப்போது அதற்குச் சட்ட ஏற்பு இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967ஆம் ஆண்டில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு தமிழ்நாட்டுக்கெனச் சேர்க்கப்பட்டபோதுதான், ஏற்கெனவே நடந்திருந்த அத்தகைய திருமணங்களும் செல்லுபடியாயின. அதை எடுத்துச் சொன்ன அப்பா, "இது நம் வீட்டுக்குப் புதிதில்லை, சம்பந்தி" என்று முடித்தார். பல்லாயிரம் மைல் தள்ளியிருக்கும் ஒரு மலை மாநிலத்தின் சட்டம் எங்கள் தாத்தாவின் திருமணத்தோடு ஒத்துப்போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதில்தான் உள்ளூர்க்காரரின் அறிவு வேண்டியிருக்கிறது. படங்களைப் பார்த்து நாங்கள் கேட்டது இதைவிட உயரத்தில் இருக்கும் பேர் ஏரி. முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அப்பாவைப் பற்றி அறிந்ததும் ஏற்பாட்டாளர் ஸ்ப்ரேக் ஏரியைப் பரிந்துரைத்தார். ஏரியைச் சுற்றி அரை மைல் நீளத்துக்குச் சக்கர நாற்காலியும் செல்லக்கூடிய சமதளப் பாதை இருக்கிறது. நீருக்கு அப்பால் மேற்கே 12,713 அடி உயரமுள்ள ஹாலெட் சிகரம் நிற்கிறது. சூரியன் நமக்குப் பின்னால் எழும்போது வெளிச்சம் முதலில் சிகரத்தின் உச்சியைத்தான் தொடும் என்பதால் விடியல்தான் சரியான நேரம் என்றார். கோடையில் இந்த மலைகளில் பிற்பகலில் இடிமழை வருவது வாடிக்கை. மின்னலில் உயிரிழந்தவர்களும் உண்டு. ஆகவே மாலை நேரத் திருமணத்துக்கு அவர் ஒப்புக்கொள்வதே இல்லையாம். கோடைக்காலத்திலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் ஸ்ப்ரேக் ஏரிக்கும் வழியான பேர் ஏரிச் சாலைக்குக் காலை 5 மணியிலிருந்து நேர முன்பதிவு வேண்டும். அதற்கு முன்பே நாங்கள் உள்ளே போய்விட்டோம்.

குளிர் ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸ் இருந்தது. குளிரில் மஞ்சள் கயிறு விறைத்துப்போகும், விரல்கள் மரத்துப்போகும், ஆகவே முடிச்சுப் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள் என்று ஒரு மாதம் முன்பே ஏற்பாட்டாளர் எழுதியிருந்தார். தாலியைப் பார்த்தே இராத ஒருவர், அனுப்பியிருந்த காணொளியை மட்டும் பார்த்து இதை ஊகித்திருக்கிறார். கணவர் வீட்டில் நாற்காலியின் சாய்மானத்தில் கயிற்றைக் கட்டிப் பழகினார். அன்று அவர் கையுறையைக் கழற்றியதும் சூடேற்றும் சிறு பைகள் இரண்டை ஏற்பாட்டாளர் அவர் உள்ளங்கையில் வைத்து, ஒரு நிமிடம் கழித்து வாங்கிக்கொண்டார். முதல் முடிச்சை அவர் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டாள். ஒலிபெருக்கியும் இசையும் வேண்டாம் என்று முன்பே முடிவாகியிருந்ததால், அப்பா பழக்கத்தில் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று தணிந்த குரலில் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். செப்டம்பர் எல்க் மான்களின் இணைசேரும் காலம். ஏரிக்கு அப்பாலிருந்து ஓர் ஆண் மான் ஊதல் போன்ற நீண்ட குரலில் கத்தியது. எல்க் மான்களிடமிருந்து குறைந்தது 75 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. அன்று அவை அதைவிடப் பல மடங்கு தொலைவில்தான் இருந்தன.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். ஏற்பாட்டாளர் அனுப்பிய முப்பது பக்கக் கையேட்டில் உடை, காலணி, ஒப்பனை பற்றியெல்லாம் விரிவாக இருந்தது. உயரத்தைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: நிறையத் தண்ணீர் குடியுங்கள். திருச்சியிலிருந்து வந்திருந்த பெற்றோரை ஹூஸ்டனிலிருந்து விமானத்தில் டென்வருக்கு அழைத்துவந்து, அன்றே 7,500 அடி உயரத்தில் இருக்கும் எஸ்டெஸ் பார்க்குக்குக் காரில் கூட்டிச்சென்றோம். இரவில் அம்மாவுக்குக் கடுமையான தலைவலியும் வாந்தியும் வந்தன. மறுநாள் முழுவதும் ஓய்வெடுத்ததால்தான் திருமணத்தன்று அவரால் நிற்க முடிந்தது. டென்வரிலேயே ஓரிரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு ஏறியிருந்தால் இந்தத் துன்பம் குறைந்திருக்கும். கடல்மட்டத்துக்கு அருகே வாழும் பெரியவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவர்களுடைய வயதையும் உடல்நிலையையும் கேட்காதது சிறிய விடுபடல் அல்ல. பெற்றோரோடு செல்பவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

இன்னொரு மனக்குறை ஒளிப்படக்காரர் பற்றியது. அவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். அன்றைக்கு மட்டும் அமர்த்தப்பட்டவர். சடங்கு முடிந்து பெற்றோர் விடுதிக்குத் திரும்பிய பின், நாங்கள் இருவரும் 12,183 அடி வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலைக்குச் சென்றோம். மரங்கள் வளராத அந்த உயரத்தில் விரலளவு உயரமே உள்ள செடிகள் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கின்றன. மிதிபட்டால் அவை மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். படம் நன்றாக வரும் என்று ஒளிப்படக்காரர் எங்களைப் பாதையை விட்டு இறங்கச் சொன்னார். ஏற்பாட்டாளர் உடனே குறுக்கிட்டு, வேண்டாம் என்று உறுதியாகத் தடுத்தார். தாம் அமர்த்திய ஒருவரை வாடிக்கையாளர் முன்னிலையில் மறுப்பது எளிதன்று என்பதால் அதைப் பெரிதாக மதிக்கிறேன். என்றாலும் இத்தகையவரை முதலிலேயே தேர்ந்தெடுத்திருக்கக் கூடாது. ஆறு வாரத்தில் வரும் என்ற படங்களும் பதினோரு வாரம் கழித்துத்தான் வந்தன. படங்களின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

திட்டமிடல், அன்றைய ஆறு மணிநேர உடனிருப்பு, ஒளிப்படம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 5,200 டாலர் கொடுத்தோம். பூங்கா அனுமதிக்கான 300 டாலரும் உரிமக் கட்டணமும் தனி. ஆங்கிலப் படிவங்களை நிரப்பத் தெரிந்தவர்கள் இந்த இரண்டையும் யாருடைய உதவியும் இல்லாமல் செய்துகொள்ளலாம். அதற்காக மட்டும் ஏற்பாட்டாளரை அமர்த்துவது வீண் செலவு. நீங்கள் இருவர் மட்டுமே போவதாகவும் மலையில் நடந்து பழகியவர்களாகவும் இருந்தால், ஒரு நல்ல ஒளிப்படக்காரரே போதும். பெரியவர்களையும் நம் சடங்குகளில் சிலவற்றையும் உடன் கொண்டுபோகிறவர்களுக்கு இத்தகைய ஒருவர் தேவைப்படுகிறார், அவர் பட்டியலை 'கூடாது' என்பதிலிருந்து தொடங்குபவராக இருந்தால். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கிறேன். குறைத்த ஒன்று அம்மா பட்ட அந்த ஓர் இரவுக்காக.

செப்டம்பர் மாதத்தை விரும்புகிறவர்கள் ஓராண்டுக்கு முன்பே அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள்; ஆஸ்பென் மரங்கள் பொன்னிறமாகும் அந்த வாரங்களுக்குத்தான் போட்டி அதிகம். கவுண்டி அலுவலகத்தில் சான்றிட்ட நகல்களை ஒன்றுக்கு மூன்றாக வாங்கிவைத்துக்கொள்வதும் நல்லது. இந்தியாவில் பயன்படுத்த வேண்டிய நகலுக்கு ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும், மாநிலச் செயலர் அலுவலகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் வேண்டியிருக்கும். முத்திரையிட்ட எங்கள் நகல் இப்போது திருச்சி வீட்டில், தாத்தாவின் திருமணப் படத்துக்குப் பின்னால் ஒரு உறைக்குள் இருக்கிறது.