உட்காரும் நேரத்தைக் குறைக்கும் பணியிடப் பயிற்சி: குன்னூர் அலுவலகம் ஒன்றின் அனுபவம்

குன்னூரில் தேயிலை ஏலத்தோடு தொடர்புடைய ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற ஜூன் மாதம் எங்கள் நிர்வாகம், கோவையிலிருந்து வந்து பணியிட நலப் பயிற்சி அளிக்கும் சிறு குழு ஒன்றை அழைத்து, ஆறு மாதங்களில் நான்கு கூட்டங்கள் நடத்த ஏற்பாடு செய்தது. நாற்காலியிலேயே கழியும் எங்கள் நேரத்தைக் குறைப்பதற்கான திட்டத்தை ஊழியர்களையே கொண்டு வகுப்பது அந்தக் குழுவின் முறை. இப்படிப்பட்ட சேவையை நாடலாமா என்று யோசிக்கும் மலைப்பகுதி அலுவலகங்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தின் திட்டத்தை வாங்கியிருந்தோம். அரைமணிக்கு ஒருமுறை கணினித் திரையில் எழுந்து நிற்கச் சொல்லும் அறிவிப்பு தோன்றும். ஏலப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டு, ஒரு காதில் தொலைபேசியையும் வைத்திருப்பவருக்கு அது இடையூறாகவே இருந்ததால், மூன்றாம் வாரத்திற்குள் அநேகமாக எல்லோரும் அதை நிறுத்திவிட்டோம். எங்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் வகுக்கப்பட்ட திட்டம் அது.

இம்முறை வந்தவர்கள் முதல் கூட்டத்தில் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, அலுவலகத்தின் வரைபடத்தை வரைந்து, எந்த நேரத்தில் எங்கே அமர்ந்திருக்கிறோம், எழ மனம் வராததற்கு என்ன காரணம் என்று குறிக்கச் சொன்னார்கள். இருபத்தாறு பேரில் பெரும்பாலோர் எழுதிய காரணம் குளிர். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேசைக்கு அடியில் ஹீட்டரை வைத்து, கால்மேல் சால்வையைப் போர்த்திக்கொள்பவர்கள் நாங்கள். எழுந்தால் சேர்த்துவைத்த சூடெல்லாம் போய்விடும். சமவெளியில் இருந்துகொண்டு திட்டம் தீட்டும் எவருக்கும் இது தோன்றியிருக்காது. தேநீர் இருக்கைக்கே வந்துவிடுவதும், நின்றுகொண்டிருந்தால் வேலை செய்யாதவர்போலத் தெரியும் என்ற கூச்சமும் அடுத்த காரணங்களாக வந்தன.

இரண்டாம் கூட்டத்தில் தீர்வுகளையும் நாங்களே சொன்னோம். மேசைக்கடியில் இருந்த ஹீட்டர்களை எடுத்து, கோப்பு அடுக்குகளின் அருகிலும் ஏலத் தேயிலையின் தரத்தைச் சுவைத்துப் பார்க்கும் அறையிலும் வைக்கச் சொன்னவர், பல ஆண்டுகளாகத் தட்டச்சுப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர். சூடு வேண்டுமானால் எழுந்து போகத்தான் வேண்டும். சுவைப்பவர்கள் கோப்பை வரிசையின் ஓரமாக நின்றும் நகர்ந்தும்தான் சுவைப்பார்கள். அதற்காக அங்கே இடுப்புயர மேடை ஒன்று ஏற்கெனவே இருந்தது. பிற்பகலில் அது காலியாக இருப்பதால், ஒருவர் எண்களை வாசிக்க மற்றவர் டிக் அடிக்கும் பட்டியல் சரிபார்ப்பை அங்கே மாற்றிக்கொண்டோம். உயரத்தை மாற்றக்கூடிய விலையுயர்ந்த மேசைகளை வாங்காமலே நின்று வேலை செய்ய ஓர் இடம் கிடைத்துவிட்டது. தேநீரும் இருக்கைக்கு வராமல், எழுந்து போய்க் குடிக்கும்படி ஒரு மூலைக்கு மாறியது. மதிய உணவுக்குப் பின் வெளியே நடக்கலாம் என்ற யோசனையை மட்டும், ஜூலை மழையை எண்ணி நாங்களே கைவிட்டோம். மூட்டுவலி உள்ளவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது என்பதையும் எழுதிவைத்தோம்.

பயிற்சியாளர்கள் தந்த ஆய்வுச் செய்திகள் அளவானவை, நேர்மையானவை. லண்டன் பேருந்துகளில் அமர்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, ஏறியிறங்கி நடமாடிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததை மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953இல் வெளியிட்ட வரலாற்றிலிருந்து தொடங்கினார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகர மருத்துவமனைகளின் அலுவலக ஊழியர்கள் 146 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், உயரம் மாற்றும் மேசையும் பயிற்சியும் பெற்றவர்கள், ஓராண்டு முடிவில் மற்றவர்களைவிட வேலைநாளில் சுமார் 83 நிமிடம் குறைவாக உட்கார்ந்திருந்தார்கள். அந்நாட்டு உள்ளாட்சி அலுவலகங்களைச் சேர்ந்த 756 பேரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான சோதனையில், மேசை இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 22 நிமிடமும், மேசையும் சேர்ந்தவர்களுக்குச் சுமார் 64 நிமிடமும் குறைந்தன. பேச்சு மட்டும் போதாது, நின்று வேலை செய்ய இடமும் வேண்டும் என்பதைத் தங்கள் வணிகத்திற்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு அவர்கள்மீது நம்பிக்கை வந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதல் கூட்டத்தில் மேலாளர் அமர்ந்திருந்ததால் இளையவர்கள் வாய் திறக்கவே இல்லை; தாளில் எழுதும் ஏற்பாடு இருந்ததால் தப்பித்தோம். பலனை அளக்க எந்தக் கருவியும் தரவில்லை; நாங்களே குறித்துவைத்த ஏட்டை மட்டும் நம்பினார்கள். இவற்றைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. நாள் முழுவதும் நின்றும் நடந்தும் வேலை செய்யும் துப்புரவுப் பணியாளர் இருவரையும் அலுவலக உதவியாளரையும் முதல் இரண்டு கூட்டங்களுக்கு அழைக்கவே இல்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. இடைவிடாமல் நிற்பதும் உடலுக்குத் தீங்கே. நான் எழுதிக் கேட்ட பிறகு மூன்றாம் கூட்டத்திற்கு அவர்களும் வந்தார்கள். “நீங்க எழுந்து வந்து டீ குடிக்கிறீங்க, சரிதான் சார். குடிச்ச கோப்பையைத் தேடி மேசை மேசையா நடக்கிறது நான்தானே?” என்று உதவியாளர் கேட்டபோது யாரிடமும் பதில் இல்லை. அன்றிலிருந்து அவரவர் கோப்பையை அவரவரே கழுவி வைக்கிறோம். தேநீர் மூலையில் அவருக்காக ஒரு நாற்காலியும் போட்டோம்.

தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம் எங்கள் அளவிலான அலுவலகத்திற்குச் சற்று அதிகம்தான். ஆயினும் உறைபனிக் காலம் வந்த பின்னும் ஹீட்டர்கள் மேசைக்கடிக்குத் திரும்பவில்லை என்பதால், சேவையை இன்னும் ஓர் ஆண்டுக்கு நீட்டிக்கப் பரிந்துரைத்தேன். மேலாளர் இல்லாமல் முதல் கூட்டம் நடக்க வேண்டும், துப்புரவுப் பணியாளர்களும் உதவியாளரும் அதில் இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம்.