பகல் வெளிச்சம்: சன்னலா, வெள்ளை டியூப்லைட்டா, நிறம் மாறும் எல்.இ.டி.யா?

வேலை பார்க்கும் அறைக்கு வெளிச்சம் போதுமா என்று மேசைமேல் லக்ஸ் மீட்டரை (ஓரிடத்தில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பது வழக்கம். எழுத்துத் தெரிய அது போதும். உடல்கடிகாரத்துக்கோ கண்ணுக்குள் போகும் ஒளிதான் கணக்கு. விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் புரதம் உள்ள நரம்பணுக்கள் 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை அதிகம் வாங்கி, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்கின்றன. 2022-இல் வெளியான நிபுணர் பரிந்துரைப்படி, பகலில் கண்மட்டத்தில் குறைந்தது 250 மெலனோபிக் லக்ஸ் (இந்த நரம்பணுக்களைத் தூண்டும் அளவை வைத்துக் கணக்கிடும் லக்ஸ்) வேண்டும். தூங்குமுன் 3 மணி நேரம் 10-ஐத் தாண்டக் கூடாது.

முதலில் 6500 கெல்வின் டியூப்லைட், அதாவது நீலம் கலந்த வெள்ளை ஒளி (கெல்வின் ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு). இதன் 100 லக்ஸில் ஏறத்தாழ 90 மெலனோபிக் லக்ஸாகத் தேறும். ஆனால் 10-க்கு 12 அடி அறையில் 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று, உட்கார்ந்தவர் கண்ணுக்கு 100 லக்ஸ்கூடத் தராது. பகலுக்குப் போதாத அதே விளக்கு, இரவு பத்து மணிக்கு வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும். வீடுகளில் பரவலாக இருப்பது இதுதான் என்பது வேடிக்கை.

நிறம் மாறும் எல்.இ.டி. இரவுச் சிக்கலைத் தீர்க்கும். பகல் சிக்கலை நிறம் மட்டும் தீர்க்காது, லூமனும் (விளக்கு தரும் மொத்த ஒளி) கூட வேண்டும். எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்று மலிவானது என்றால் மங்கலாக்கும்போது ஒளி துடிக்கும், தலைவலி வரும். நேர அட்டவணை அமைக்காவிட்டால் ஒரே நிறத்தில் கிடக்கும். சன்னலே இல்லாத அறைக்கு மட்டும் இந்தச் செலவு சரி.

சன்னலோரம் நிழலான வானொளியே 250-ஐச் சுலபமாகத் தாண்டும், மின்செலவும் இல்லை. கெடுவது மேசை போடும் விதத்தில். சன்னலுக்கு முதுகு காட்டினால் கண்ணுக்கு ஒளி வராது, கணினித் திரையும் கூசும். நேர் எதிரே உட்கார்ந்தாலும் கூச்சம்தான். திரைச்சீலையை இழுத்துவிட்டு நாள் முழுக்க டியூப் போட்டுக்கொள்வார்கள். பக்கவாட்டில், 4 அடிக்குள் போடுங்கள். லிண்டல் (சன்னலின் மேல்விட்டம்) 7 அடி உயரத்தில் உள்ள சன்னலின் ஒளி 10 அடிக்கு அப்பால் பெயரளவுக்குத்தான். சென்னையில் வடக்கு, அல்லது சன்ஷேடு வைத்த தெற்கு நல்லது. மேற்குச் சன்னலில் பிற்பகல் வெயில் தாழ்வாக நுழைவதால் சன்ஷேடு உதவாது. வெளியே செங்குத்துத் தடுப்போ மூங்கில் தட்டியோ வேண்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் வெப்பத்தோடு பகலும் போய்விடும்.

எங்கள் தேர்வு: பகலுக்குச் சன்னல், இரவுக்கு மூடி போட்ட 2700 கெல்வின் மேசைவிளக்கு. அதன் மஞ்சள் ஒளியில் நீலம் குறைவு; கண்மட்டத்தில் 20 லக்ஸுக்குள் இருந்தால் 10 மெலனோபிக் லக்ஸைத் தாண்டாது. தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், லக்ஸ் மீட்டரைப் பார்வைத் திசையில் செங்குத்தாகப் பிடித்து அளக்க வேண்டும்.