தலைமையாசிரியர் வேலைக்கு கூகுள் ஷீட்ஸ்: இரண்டு வருட அனுபவம்

அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருக்கிறேன். எழுத்தர் பணியிடம் காலி. ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, பில், பயன்பாட்டுச் சான்று (மானியத்தை எதற்குச் செலவழித்தோம் என்று தருவது) எல்லாம் என் தலையில்தான். இதே நிலைமையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பணப் பற்றாக்குறை பழகிப்போன விஷயம். என்னை அரித்தது வேறு. "சார், நோட்டுப் புத்தகம் எத்தனை மீதி, பத்து நிமிஷத்துல சொல்லுங்க" என்று பாடம் நடத்தும்போது மேலதிகாரியிடமிருந்து போன் வரும், கணக்கு முழுக்க என் ஞாபகத்தில்தான் இருக்கும், ராத்திரி 2 மணிக்கு முழித்துக்கொண்டு அந்த வவுச்சரை எந்த ஃபைலில் வைத்தோம் என்று புரண்டுகொண்டிருப்பேன்.

பிள்ளைகளுக்கான இலவச ஷூ வந்த அன்று ஒரு பையன் என் அறை வாசலில் வந்து நின்றான். கையில் 5-ம் அளவு ஷூ, அவன் காலுக்கு 7 வேண்டும். அன்று சாயங்காலமே கூகுள் ஷீட்ஸில் (பலர் சேர்ந்து நிரப்பக்கூடிய இணைய அட்டவணை) ஒரு ஷீட் போட்டேன்: வகுப்பு, அளவு, தேவை, வந்தது, மீதி, அவ்வளவுதான். வகுப்பாசிரியர்கள் அவரவர் போனிலேயே நிரப்பினார்கள். பக்கத்து ஊர் தலைமையாசிரியருக்கு, பார்க்க மட்டும் முடிகிற மாதிரி லிங்க் அனுப்பினேன். அவரிடம் 7-ம் அளவு தேங்கிக் கிடந்தது, எங்களிடம் 5-ம் அளவு. மேலே அனுமதி கேட்டு, கடிதம் வைத்து மாற்றிக்கொண்டோம். அந்த வெள்ளிக்கிழமையே பையன் ஷூ மாட்டிக்கொண்டு வந்தான்.

அப்புறம் பள்ளிக்கு வரும் அரசு மானியத்தின் கணக்கையும் ஷீட்டில் ஏற்றினேன். 250-க்கு மேல் 1000 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய், அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு என்பது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதி. பினாயில், துடைப்பம் வாங்கியது தனி நிறத்தில் தெரிவதால் அந்த 7,500 எட்டியதா என்று மார்ச் மாதம் பதற வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் போனைத் திறந்து அப்படியே காட்டுகிறேன், பெற்றோரும் உரிமையோடு கேள்வி கேட்கிறார்கள்.

இலவசம், தமிழில் தட்டலாம், இணையம் இல்லாத நேரத்திலும் எழுதுகிற வசதி உண்டு. யார் எந்த எண்ணை மாற்றினார்கள் என்ற வரலாறும் நிற்கிறது, ஆசிரியர்களுக்குள் மனக்கசப்பு வராமல் இருக்க அது ரொம்ப உதவுகிறது.

ஒன்று கவனியுங்கள். தணிக்கைக்கு வருபவர் கேட்பது கையெழுத்திட்ட பதிவேட்டைத்தான், ஷீட் அதற்கு மாற்று ஆகாது. சனிக்கிழமை அரை மணி நேரம் உட்கார்ந்து பதிவேட்டில் ஏற்றிவிடுகிறேன். பிள்ளைகளின் ஆதார், வங்கி விவரங்களை இதில் போடவே போடாதீர்கள். லிங்க் கிடைத்த எல்லோரும் திறக்கலாம் என்கிற அமைப்பில் வைத்துவிட்டால் அது எங்கெங்கோ போய்விடும்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். வேலை குறையவில்லை, ஆனால் இப்போது போன் அடித்தால் நெஞ்சு படபடப்பதில்லை. தொடங்குகிறவர்கள் முதலில் நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் ஒரு ஷீட் போடுங்கள், ஜூன் மாதத்துக்குள் கை பழகிவிடும்.