மூன்று நாளில் நிலையான பல்: நீலகிரியில் இம்ப்ளாண்ட் வைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நீலகிரியில் இம்ப்ளாண்ட் முறையில் பல் வைத்துக்கொள்ள எண்ணியிருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். கோத்தகிரிக்கு அருகே வசிக்கும் என் தாயாருக்கு, சமவெளியிலிருந்து வாரம் ஒருமுறை மலையேறி வரும் மருத்துவர்களைக் கொண்டு குன்னூரில் நடத்தப்பட்ட ஒரு தனியார் பல் மருத்துவமனையில், கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் பொருத்தப்பட்டன. அதற்கு 64,000 ரூபாய் வாங்கினார்கள். இரண்டும் ஆட்டம் கண்டு, ஈறில் சீழ் வைத்து, ஐந்தாம் மாதத்தில் வேறொரு மருத்துவரால் அகற்றப்பட்டன. பச்சைத் தேயிலை விற்றுச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. கிலோவுக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தத் தொகையின் கனம் புரியும்.

முதல் நாளே ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்குங்கம்மா, மூணே நாளில் முறுக்கே கடிக்கலாம்" என்றார்கள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதாக அம்மா தாமாகவே சொன்னார். "அது ஒண்ணும் பிரச்சினை இல்லைங்கம்மா" என்பதே பதிலாக இருந்தது. இரத்தப் பரிசோதனை எதுவும் கேட்கப்படவில்லை. தாடை எலும்பில் திருகுகளைப் பொருத்திய மூன்றாம் நாளே, அவற்றின் மேல் வெளியே தெரியும் பல்லான நிரந்தரக் கேப்பையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். கொடுத்த ரசீதில் "பல் சிகிச்சை" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் எந்த விவரமும் இல்லை.

இதில் எது தவறு என்பது புரிய வேண்டுமானால், இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பினுள் செலுத்தப்படும் டைட்டானியத் திருகு. அதன் மேல் ஓர் இணைப்புப் பகுதியும், அதற்கும் மேல் வெளியே தெரியும் பல்லான கேப்பும் வரும். திருகை உள்ளே இறுக்குவதால் மட்டும் அது நிலைத்துவிடாது. எலும்புத் திசு வளர்ந்து டைட்டானியத்தின் மேற்பரப்போடு நேரடியாக ஒன்றிப்போக வேண்டும். இந்தப் பண்பை முயல்களின் எலும்பில் 1950களில் கவனித்தவர் சுவீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரோனேமார்க். 1965-இல் அவர் முதல் நோயாளிக்கு இதைச் செய்தார். அவருடைய முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதமும், எலும்பு மென்மையாக இருக்கும் மேல்தாடைக்கு 6 மாதமும், திருகின் மேல் கடிபாரம் விழாமல் விட்டுவைப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் சிகிச்சையின் பெரும்பகுதி. எலும்பு பற்றுவதற்குள் திருகு தொடர்ந்து அசைக்கப்பட்டால், அதைச் சுற்றி எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். அதன் பிறகு அது பிடிப்பதில்லை.

திருகு வைத்த சில நாட்களிலேயே பல் பொருத்துவது முற்றிலும் மோசடி என்று நான் சொல்லவில்லை. எலும்பு அடர்த்தியாக இருந்து, திருகு போதிய இறுக்கத்தோடு பதிந்திருந்தால், தக்க நோயாளிகளுக்கு அவ்வாறு செய்வதுண்டு. ஆனால் அப்போதும் பெரும்பாலும் தற்காலிகப் பல்லை வைத்து, எதிர்ப்பல்லோடு அழுத்தமாக மோதாதபடி உயரத்தைக் குறைத்து, மென்மையான உணவையே உண்ணச் சொல்வார்கள். முறுக்கு கடிக்கச் சொல்ல மாட்டார்கள்.

அம்மாவுக்கு இரண்டாம் மாதத்திலேயே வலி தொடங்கியது. சென்ற போதெல்லாம் வெவ்வேறு மருத்துவர் இருந்தார். முன்னவர் எழுதிய குறிப்பு எதுவும் புதியவர் கையில் இல்லை. வலி மாத்திரையும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்தக் கிளையே மூடப்பட்டது. தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது, "உங்க சர்க்கரைதாங்க காரணம்" என்றார்கள். எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது இந்தப் பதில்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு இம்ப்ளாண்ட் செய்யலாம். கட்டுப்பாட்டில் இல்லாதபோது புண் ஆறுவது தாமதமாகும், தொற்றும் எளிதில் பற்றும். அதனால்தான் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை முன்கூட்டியே கேட்கிறார்கள். பிறகு திருகுகளை அகற்றிய கோயம்புத்தூர் மருத்துவரிடம் பார்த்தபோது அம்மாவுக்கு அது 9-ஐத் தாண்டியிருந்தது; அதாவது சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை. சொல்லியும் சோதிக்காமல் திருகை இறக்கியவர்கள், பின்னர் அதே நோயின் மேல் பழியைப் போடுவது எந்த வகையில் நியாயம்?

கோயம்புத்தூர் மருத்துவர் முதலில் கேட்டது, அது எந்த நிறுவனத்தின் திருகு என்பதைத்தான். ஒவ்வொரு நிறுவனத்தின் இணைப்பும் அதைக் கழற்றும் கருவியும் வேறுபடக்கூடும். திருகின் உறையில் நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை நோயாளியின் அட்டையில் ஒட்டிக் கொடுப்பது வழக்கம் என்று அப்போதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. எங்களிடம் அப்படி ஒன்றுமே இல்லை. தொற்றினால் எலும்பும் கரைந்திருப்பதால், மீண்டும் திருகு வைப்பதானால் முதலில் எலும்பு ஒட்டு வைக்க வேண்டும் என்கிறார். இப்போதைக்கு அம்மா கழற்றி மாட்டும் பல் செட்டைப் பயன்படுத்துகிறார்.

ஆகவே தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுக்காமல் நாள் குறிப்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். கீழ்த்தாடையினுள் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. எலும்பின் அகலத்தையும் நரம்புக்கு உள்ள தூரத்தையும் அந்த ஸ்கேன்தான் சரியாகக் காட்டும். எலும்பு வலுவிழப்புக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களும், புகைபிடிப்பவர்களும் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு பொருத்தும் பிரிட்ஜ் அல்லது பல் செட் ஏன் போதாது என்பதையும் கேளுங்கள். பிரிட்ஜுக்கு அந்தப் பற்களைச் செதுக்க வேண்டியிருக்கும் என்றாலும், சிலருக்கு அதுவே பொருத்தமாக அமைகிறது. மலையில் வாழும் நமக்கு எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஆறாம் மாதத்தில் ஆட்டம் கண்டால், இங்கே யார் பார்ப்பார்கள்? மழைக்காலத்தில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை அடைபட்டால், வந்துபோகும் மருத்துவர் வர முடியாது, நாமும் இறங்க முடியாது. பொறுப்பேற்கும் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களைப் போல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் உதகமண்டலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். நாங்கள் புகாரைக் கொடுத்துவிட்டோம். அதே இடத்தில் சிகிச்சை பெற்றவர்கள் இருந்தால், ரசீது, எக்ஸ்ரே, கைப்பேசிச் செய்திகள் எதையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள்.