16 அடிப் படகுக்கு எந்தக் கடல்? வான்கூவர் தீவில் சால்மன் பிடிக்க மூன்று ஊர்கள்

சால்மன் பிடிக்க, கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவர் தீவுக்குப் போகிறோம், எந்த ஊர் நல்லது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். படகு எத்தனை அடி?

எங்களுடையது 16 அடி. அலுமினியம், பழசு, பின்னால் 40 குதிரைத்திறன் மோட்டார். நானும் என் மச்சானும் பாதிப் பாதி போட்டு வாங்கியது. இருவருக்கும் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அதைக் கேட்டதும் கடல் எங்களுக்குக் கைவந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே மீனைச் சந்தையில்தான் பார்த்தோம். படகோட்டப் பழகியது கனடாவுக்கு வந்த பிறகுதான்.

கேம்பல் ரிவர், யூக்ளூலெட், போர்ட் அல்பர்னி. மூன்றிலும் பிடித்திருக்கிறோம், மூன்றிலிருந்தும் வெறுங்கையோடு வந்திருக்கிறோம். கோடையில் மூன்று பக்கமும் மீன் உண்டு. அதனால் எங்கே மீன் அதிகம் என்று பார்த்து இடம் தேர்ந்தால் ஒன்றும் தெளியாது. கடல் மாறும்போது கரைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று பாருங்கள், மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

அதற்கு முன் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊரில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்கிற காலா மீன் வேறு குடும்பம். இலங்கை நண்பர்கள் ‘செமன்’ என்று சொல்லும் டின்னைத் திறந்தால் பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகைதான் இருக்கும். இங்கே பசிபிக்கில் ஐந்து வகை: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். சின்னப் படகுக்காரர்கள் தேடிப் போவது பெரும்பாலும் முதல் மூன்றை.

கேம்பல் ரிவர்: நீரோட்டம்

நனைமோவில் ஃபெரியை விட்டு இறங்கி வடக்கே 150 கிலோமீட்டர். நல்ல சாலை. ஊருக்குள்ளேயே படகு இறக்க ரேம்ப், டீசல் பெட்ரோல், தூண்டில் கடை, எல்லாம் உண்டு. இறக்கிய பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீன் இருக்கும் தண்ணீரில் நிற்கலாம். மேற்கே வான்கூவர் தீவே மறைப்பதால் பெருங்கடலின் அலை இங்கே எட்டாது. படகில் ஏற மாட்டேன் என்கிறவர்களை டிஸ்கவரி பியரில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம், அங்கிருந்தே தூண்டில் போட முடியும்.

சரி, இவ்வளவு வசதி என்றால் பிரச்சினை எங்கே? தண்ணீர் ஓடுகிறது. கடல் என்று பெயர், நடந்துகொள்வது ஆறு மாதிரி. கடல் நீரோட்டத்தைத் தூத்துக்குடியில் நீவாடு என்பார்களே, அதை இரண்டு மலைகளுக்கு நடுவே நெருக்கிப் பிழிந்தால் எப்படி இருக்கும்? ஊருக்கு வடக்கே சீமோர் நேரோஸ் என்ற இடுக்கில் ஓட்டம் 15 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர் வரை போகும். அதன் நடுவில் ரிப்பிள் ராக் என்றொரு பாறை நீருக்குள் மறைந்திருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த அந்தப் பாறையை, அடியில் சுரங்கம் தோண்டி, 1958 ஏப்ரல் 5 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். பாறை போனது, ஓட்டம் போகவில்லை.

நாங்கள் அந்த இடுக்குப் பக்கமே போவதில்லை. ஊருக்கு எதிரேயும் கேப் மட்ஜ் கலங்கரை விளக்கத்தின் பக்கமும்தான் எங்கள் சுற்று. அங்கேயும் ஓட்டம் விடாது. சால்மனுக்கு படகை மெல்ல ஓட்டிக்கொண்டே தூண்டிலை இழுத்துப் போவோம், டிரோலிங் என்பது இதுதான். வேகம் 2.5 நாட் இருக்கும். எதிரே வரும் ஓட்டம் அதற்கு மேல் போனால், மூக்கு வடக்கே பார்த்தபடி படகு தெற்கே போய்க்கொண்டிருக்கும். முதல் நாள் காலை ஒரு மணி நேரம் டிரோல் செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கிளம்பும்போது எங்களுக்குப் பின்னால் இருந்த கலங்கரை விளக்கம் முன்னால் நிற்கிறது. மச்சான் ஜிபிஎஸ் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டான்.

இங்கே ஏற்ற நீர் தெற்கு நோக்கிப் பாயும். அதே நேரம் தென்கிழக்குக் காற்று எதிரே அடித்தால் கேப் மட்ஜ் முனையில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். 16 அடிப் படகுக்கு அங்கே வேலையில்லை. நல்லது என்னவென்றால், ஓட்டம் எத்தனை மணிக்கு நிற்கும், எப்போது திரும்பும் என்பது வருடம் முழுவதற்கும் அட்டவணையில் அச்சாகி வந்துவிடுகிறது. ஓட்டம் அடங்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் மீனும் நன்றாகக் கடிக்கும். அட்டவணையைப் படிக்கப் பொறுமை உள்ளவருக்கு இந்தக் கடல் பயமில்லை.

டையீ கிளப் என்கிற மீன்பிடிச் சங்கம் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரை விட முடியாது. 1924-இல் தொடங்கியது. 30 பவுண்டுக்குக் குறையாத சினூக்கை, மோட்டார் இல்லாத துடுப்புப் படகிலிருந்து, செயற்கை இரையில், எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கியில், 20 பவுண்டுக்கு மேல் தாங்காத தூண்டில் நரம்பில் பிடித்தால்தான் உறுப்பினராக முடியும். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை ஆற்று முகத்தில் அந்தி நேரத்தில் வரிசையாகத் துடுப்புப் படகுகள் மிதக்கும். எங்களுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிட்டவில்லை. கரையில் நின்று பார்த்ததே ஒரு மாலைக்குப் போதுமாக இருந்தது.

யூக்ளூலெட்: பெருங்கடல்

மேற்குக் கரை. எதிரே ஜப்பான் வரை தண்ணீர்தான். தெற்கே தங்கள் ஆறுகளைத் தேடி இறங்கும் சினூக் கூட்டங்கள் இந்தக் கரையை ஒட்டிப் போகின்றன. இரை மீன் திரளும் லா பெரூஸ் திட்டு வெளியே இருக்கிறது. மீன் அளவில், மூன்று ஊரில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை.

சின்னப் படகுக்கு இது கடைசி இடம். அதிலும் சந்தேகமில்லை.

அலையைக்கூடச் சமாளித்துவிடலாம். நீளமாக உருண்டு வரும் அலை, படகைத் தூக்கி மெதுவாக இறக்கும், வயிறு மட்டும் பழக வேண்டும். மூடுபனிதான் ஆகாது. கோடையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வர, அதன்மேல் ஈரக் காற்று படிந்து பனியாகிறது. ஆகஸ்ட் மாதத்தையே ‘ஃபாகஸ்ட்’ என்று கேலி செய்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஆம்ஃபிட்ரைட் முனைக் கலங்கரை விளக்கம் பளிச்சென்று தெரிந்தது. ஏழே காலுக்கு என் படகின் மூக்கு எனக்குத் தெரியவில்லை. துறைமுக வாய் இருப்பது பாறைகளுக்கு நடுவே. மிதவையின் ஊளைச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது, எந்தத் திசை என்று சொல்ல முடியவில்லை. கைக்கு அடக்கமான ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே, மச்சான் முன்னால் படுத்துத் தண்ணீரைப் பார்க்க, நடை வேகத்தில் உள்ளே வந்தோம். “அத்தான், அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்” என்றான். சொல்லவில்லை.

தண்ணீர் கோடையிலும் கடுங்குளிர்தான். விழுந்தால் மூச்சு அடங்க ஒரு நிமிடம், கை கால் வேலை செய்ய பத்து நிமிடம், நினைவு இருக்க ஒரு மணி நேரம் என்று இங்கே ஒரு கணக்கு சொல்லித் தருகிறார்கள். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். விழுந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்றால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் முடியாது.

அப்புறம் எப்படி யூக்ளூலெட் போவது? கைடு வைத்து. பெரிய படகு, ரேடார், இரண்டு எஞ்சின். ஒரு நாளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், நான்கு பேர் பங்கு போட்டால் தாங்கும். அந்தக் காசில் பாதியை நான் பாடச் செலவு என்றுதான் எண்ணுகிறேன். தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் எடைக் கருவியான டவுன்ரிகரை எவ்வளவு ஆழம் இறக்குவது, மீனை இழுக்கும் பளபளப்புத் தகடான ஃபிளாஷருக்குப் பின்னால் எத்தனை அடி நரம்பு விடுவது, நெத்திலியை எப்படிக் கோத்தால் அது அடிபட்ட மீன் போலச் சுழலும் என்று அந்த ஒரே காலையில் கற்றது, அதற்கு முந்தைய இரண்டு கோடைகளில் நாங்களாகத் தட்டுத் தடுமாறிக் கற்றதைவிட அதிகம்.

போர்ட் அல்பர்னி: காற்று

எங்கள் ஓட்டு இந்த ஊருக்குத்தான். நனைமோவிலிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம். தார்ச் சாலை என்றால் நான்காம் எண் சாலை ஒன்றுதான். 2023 ஜூனில் கேமரன் ஏரிப் பக்கம் காட்டுத்தீ வந்து அந்தச் சாலையை மூடியபோது ஊருக்குக் காட்டுப்பாதை மட்டுமே மிஞ்சியது. கிளம்புமுன் சாலை நிலவரம் பார்த்துவிடுங்கள்.

தீவுக்குள் 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் ஒரு விரல் போல நுழைந்திருக்கிறது. இருபுறமும் மலை. ஆழம் உண்டு, பெருங்கடல் அலை இல்லை. எங்கே நின்றாலும் இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரியும். படகில் பயப்படும் ஒருவரை முதல்முறை அழைத்துப் போக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஜூன் கடைசி, ஜூலையில் ஸ்ப்ரோட் ஏரிக்கும் கிரேட் சென்ட்ரல் ஏரிக்கும் போகும் சாக்கை இந்த விரலுக்குள் வந்து சேரும். வெயில் கடுமையாகி ஆற்று நீர் சூடானால் மீன் ஆற்றில் ஏறாமல் குடாவிலேயே காத்து நிற்கும். சூடான வாரம் நமக்கு நல்ல வாரம்.

சாக்கை தின்பது பெரும்பாலும் மிதவை உயிர்கள். இரை மீனைத் துரத்தும் பழக்கம் அதற்குக் குறைவு. அதனால் இங்கே முறை மாறும். சின்ன இளஞ்சிவப்பு ரப்பர் கணவாய், அதை ஹூச்சி என்பார்கள், அதைக் கட்டி, கொக்கி இல்லாத ஃபிளாஷர்களையும் கூடவே தொங்கவிட்டு, டிரோலிங் வேகத்தையும் குறைத்து இழுக்க வேண்டும். பளபளப்பு ஒரு கூட்டம் போலத் தெரிந்தால் வரும். கடித்தால் ஒன்றோடு நிற்காது, சில நேரம் இரண்டு கழியும் ஒன்றாக வளையும்.

இப்போது காற்று. வெயில் நாளில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு சூடேறி, முற்பகல் கடந்ததும் கடலிலிருந்து ஊரை நோக்கி இந்த விரல் வழியே காற்று இழுக்கும். மதியத்துக்கு மேல் 20 நாட் அடிப்பது சாதாரணம். சூரியன் சாய்ந்ததும் அடங்கும். இது தினசரி வழக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். நாங்கள் கேட்டுக்கொண்டோம், மறந்தும் போனோம். சைனா கிரீக்கில் படகை இறக்கி, மீனைத் தேடி ஊர்ப் பக்கமாக மேலே போய்விட்டோம். பன்னிரண்டரைக்குத் திரும்பினால் காற்று முகத்தில். குட்டை அலை, நெருக்கமான அலை, ஒவ்வொன்றும் ஒரு வாளித் தண்ணீரை மடியில் கொட்டியது. காலையில் இருபது நிமிடம் எடுத்த தூரம் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. தப்பு எங்களுடையதுதான். அதிலிருந்து விதி ஒன்று: இறக்கிய இடத்துக்குக் கடல் பக்கமாகப் போய்ப் பிடி, காற்று பிடித்தால் அது உன்னைத் தள்ளிக்கொண்டு வரட்டும். இல்லையென்றால் பதினோரு மணிக்குக் கரையில் இரு.

ஆகஸ்ட் பிற்பகுதியில் ராபர்ட்சன் கிரீக் பண்ணையில் குஞ்சாக வளர்த்து ஆற்றில் விட்ட சினூக்குகள் இதே குடாவுக்குத் திரும்பும். யூக்ளூலெட் வரை போகாமலே பெரிய மீனைப் பார்க்க அதுதான் வாய்ப்பு.

மூன்று ஊருக்கும் பொதுவான சில வேலைகள். மீன்வளத் துறையின் கடல்நீர் உரிமத்தை இணையத்தில் எடுக்கலாம். சால்மனை வைத்துக்கொள்ள அதோடு சால்மன் ஸ்டாம்பும் வாங்க வேண்டும். கொக்கியில் எதிர்முள் இருக்கக்கூடாது. சினூக்கை எடுத்தால் உடனே உரிமத்தில் குறிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து அல்ல. எத்தனை மீன், எந்த வகை என்பது பகுதி எண்ணைப் பொறுத்தது. கேம்பல் ரிவர் 13, அல்பர்னி குடா 23. விதி சீசன் நடுவிலேயே மாறும். 2019 முதல் ஃப்ரேசர் ஆற்றுச் சினூக்கைக் காப்பாற்ற, கேம்பல் ரிவர் பக்கம் கோடை முற்பாதி வரை சினூக்கை வைத்துக்கொள்ளத் தடை வந்தது. கிளம்பும் முந்தைய இரவு பார்ப்பதே சரி. மோட்டார் படகு ஓட்ட ஆபரேட்டர் கார்டும் தேவை.

படகில் வந்த மீன் எது என்று தெரியாமல் முழிப்பவர்களுக்கு: வாயைத் திறந்து ஈறைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் சினூக், பல்லடியில் வெளுத்திருந்தால் கோஹோ. வாலில் புள்ளி மேலும் கீழும் இருந்தால் சினூக், மேல்பாதியில் மட்டும் என்றால் கோஹோ. புள்ளியே இல்லையென்றால் சாக்கை அல்லது சம். வாலுக்கு முன்னால் முதுகில் விரல்நுனி அளவு ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். அது வெட்டப்பட்டு ஆறியிருந்தால் பண்ணையில் குஞ்சாக வளர்த்து விட்ட மீன். பல இடங்களில் கோஹோவை வைப்பதா விடுவதா என்பதை அந்தத் துடுப்புதான் தீர்மானிக்கும். இதையெல்லாம் மீன் தண்ணீரில் இருக்கும்போதே பார்த்துவிடுவது மீனுக்கும் நல்லது.

எடுத்த மீனைச் செவுளில் வெட்டி ரத்தம் வடியவிட்டு உடனே ஐஸில் வைக்க வேண்டும். சாக்கை வறுவலுக்குப் பிரமாதம். சினூக்கைக் குழம்பில் போட்டால் எண்ணெய் மேலே மிதந்து புளியை அமுக்கிவிடுகிறது. என் மனைவி இரண்டு முறை முயன்றுவிட்டு, இனி அது அடுப்புக் கிரில்லுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஆக, சொந்தச் சின்னப் படகு, முதல் வருடம் என்றால் அல்பர்னி, ஜூன் கடைசி வாரம், விடிகாலை. அட்டவணை படிக்கத் தெரிந்ததும் ஆகஸ்டில் கேம்பல் ரிவர். யூக்ளூலெட்டுக்கு எங்கள் படகு இனி வராது, நாங்கள் போவோம், காசு கொடுத்து.

மச்சான் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரம் சின்னப் படகுக்கான ரேடார் விலையை எனக்கு அனுப்பியிருக்கிறான். படகின் விலையில் பாதி வருகிறது. பதில் போடாமல் வைத்திருக்கிறேன்.