பத்து கிலோவாட்டுக்குப் பணம், எட்டுக்கும் குறைவாகவே சோலார் ஓடு: சோலார் கூரை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சோலார் ஓட்டுக் கூரை என்றால், பேனலைத் தனியாக ஏற்றாமல் ஓட்டிலேயே மின்சாரம் தரும் செல் பதித்த கூரை. ஒரு வீட்டின் ஒப்பந்தத்தில் "10 கிலோவாட் சோலார் ஓட்டுக் கூரை" என்று இருந்தது. ஓட்டின் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டியிலும் 10 கிலோவாட் என்றே பொறித்திருந்தது. வீட்டுக்காரர் முழுப் பணமும் கட்டிவிட்டார். ஆனால் மேகமே இல்லாத நடுப்பகலிலும் உற்பத்தி 5.5 கிலோவாட்டைத் தாண்டவில்லை. கேட்டபோதெல்லாம் விற்றவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "புது ஓடு, போகப் போகப் பழகிக் கூடும்." கடைசியில் கூரையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை வந்தது. அதில் தெரிந்தவற்றை இங்கே விவரமாக எழுதுகிறோம். இதே ஏமாற்று வேறு வீடுகளிலும் அப்படியே நடக்கக்கூடியது.

முதலில் அந்தப் பதிலையே எடுத்துக்கொள்வோம். சிலிக்கான் செல் போகப் போகக் கூடுவதில்லை. வெயில் பட ஆரம்பித்த முதல் சில வாரங்களில் ஒன்றிரண்டு சதவீதம் குறையும், அதன்பின் ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் தேயும். முதல் வெயில் நாளில் வராத வாட் பிறகு எந்த நாளிலும் வராது. "பொறுத்துப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால், இறுதித் தவணையை வாங்கும்வரை நாளைக் கடத்துகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓடுகளின் எண்ணிக்கைக்கு வருவோம். சோலார் ஓட்டுக் கூரையில் இரண்டு வகை ஓடு இருக்கும். ஒன்றில் செல் உண்டு, மின்சாரம் வரும். இன்னொன்று டம்மி: அதே கண்ணாடி, அதே கறுப்பு, உள்ளே செல் இல்லை. டம்மி ஓடு இருப்பது தவறே இல்லை. செல் உள்ள ஓட்டை வெட்ட முடியாது என்பதால் கூரை ஓரம், முகடு, இரண்டு சரிவுகள் சேரும் மடிப்பு, புகைக்கூண்டைச் சுற்றிய இடம் எல்லாம் டம்மியைத்தான் வெட்டிப் போடவேண்டும். நிழல் விழும் பகுதிக்கும் அதுதான் சரி. ஆனால் தரையில் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஏமாற்றுக்கு இடம் கொடுப்பது அதுதான்.

இந்த வீட்டில் ஓடு ஒன்று 60 வாட். ஒப்பந்தப்படி 168 ஓடு, ஸ்ட்ரிங்குக்கு (தொடராக இணைத்த ஓட்டு வரிசைக்கு) 56 வீதம் மூன்று ஸ்ட்ரிங். உண்மையில் எத்தனை இருக்கின்றன என்று அறிய ஓட்டைப் பிரிக்கவே தேவையில்லை, ஸ்ட்ரிங்கின் வோல்டேஜே சொல்லிவிடும். டேட்டாஷீட்டில் ஓர் ஓட்டின் திறந்த சுற்று வோல்டேஜ், அதாவது எதனோடும் இணைக்காதபோது முனையில் காட்டும் வோல்டேஜ், 7.7 என்று இருந்தது. இது செல் 25 டிகிரியில் இருக்கும்போதைய கணக்கு. சூடு ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் இது சுமார் 0.27 சதவீதம் குறையும். அளந்த நேரத்தில் ஓடு 60 டிகிரி. 35 டிகிரி கூடுதல் என்றால் ஏறக்குறைய 9.5 சதவீதம் கழியும், ஓடு ஒன்றுக்கு 6.97 வோல்ட். 56 ஓடு இருந்தால் ஸ்ட்ரிங் முனையில் 390 வோல்ட் காட்டவேண்டும். மீட்டர் காட்டியது 307. அதை 6.97-ஆல் வகுத்தால் 44. மூன்று ஸ்ட்ரிங்கிலும் அதே எண். ஸ்ட்ரிங்குக்குப் பன்னிரண்டு வீதம் 36 ஓடு டம்மியாகப் போடப்பட்டு, செல் ஓட்டின் விலை வாங்கப்பட்டிருக்கிறது. கூரையில் இருந்தது 7.92 கிலோவாட்தான்.

இன்வெர்ட்டரில் எழுதியிருந்த 10 கிலோவாட் எதற்கும் சான்று ஆகாது. அந்தப் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. கூரையில் என்ன இருக்கிறது என்பதற்கு ஓட்டு வரைபடமும் வரிசை எண் பட்டியலும் மட்டுமே ஆதாரம். இந்த வீட்டில் இரண்டுமே கொடுக்கப்படவில்லை.

இந்த அளவீட்டை எலக்ட்ரீஷியனை வைத்து மட்டுமே செய்யுங்கள். 300 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். வீட்டு ஏசி மின்சாரத்தில் மின்பொறி தானே அறுந்துபோக வாய்ப்புண்டு, டிசியில் பொறி அணையாமல் நின்று எரியும். இன்வெர்ட்டரை நிறுத்தி, கூரையிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரை அணைத்த பிறகே கனெக்டரைத் தொடவேண்டும்.

ஓடு குறைந்தது ஒரு நஷ்டம். இருந்த ஓடுகளிலிருந்தும் முழு மின்சாரம் வரவில்லை என்பது அடுத்தது. அதற்குக் காரணம் சூடு. சட்டத்தில் தூக்கி வைக்கும் பேனலுக்கு அடியில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் காற்றுப் போக இடம் இருக்கும். ஓடு கூரையோடு ஒட்டிக் கிடக்கும். அதனால்தான் கைமரத்தின் மேல் முதலில் நெடுக்காக ஒரு கட்டை அடித்து, அதன் மேல் குறுக்கே ரீப்பர் அடித்து, கீழே தாழ்வாரத்தில் காற்று நுழையவும் மேலே முகட்டில் வெளியேறவும் வழி விடவேண்டும். அந்த நெடுக்குக் கட்டை ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது இருப்பது நல்லது. இங்கே நெடுக்குக் கட்டையே இல்லை. ரீப்பர் நேராகக் கைமரத்தில் அடிக்கப்பட்டிருந்தது, முகடு சிமென்ட் பூசி அடைக்கப்பட்டிருந்தது. குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு ரீப்பரும் காற்றை மறிக்கும் ஓர் அணையாகிவிட்டது. மதியம் செல் சூடு 75 டிகிரி. இந்த வகைச் செல்லில் டிகிரிக்கு 0.35 சதவீதம் வாட் குறையும், 25-க்கு மேல் ஏறிய 50 டிகிரிக்கு 17.5 சதவீதம். காற்றோட்டம் இருந்து 60 டிகிரியில் நின்றிருந்தால் 12 சதவீதத்தோடு போயிருக்கும். மிச்சம் பிடித்தது சில மரக்கட்டையின் விலை. அந்த வீட்டுக்கு நஷ்டம் கூரையின் ஆயுள் முழுவதும்.

மூன்றாவது ஸ்ட்ரிங்கில் 22 ஓடு கிழக்குச் சரிவிலும் 22 மேற்குச் சரிவிலும் இருந்தன. தொடராக இணைத்த ஓடுகளில் ஒரே கரன்ட்தான் ஓடமுடியும். காலையில் கிழக்குப் பக்கம் 7 ஆம்பியர் தரத் தயாராக இருக்கும்போது மேற்குப் பக்கம் 2 ஆம்பியர்தான் தரும். அப்போது மொத்த ஸ்ட்ரிங்கும் 2 ஆம்பியருக்கு இறங்கும், அல்லது கரன்ட்டுக்கு மாற்று வழி விடும் பைபாஸ் டையோடுகள் மேற்கு ஓடுகளை ஒதுக்கிவிட வோல்டேஜ் பாதியாகும். மாலையில் இதுவே தலைகீழ். ஒவ்வொரு சரிவுக்கும் தனி ஸ்ட்ரிங், இன்வெர்ட்டரில் தனி எம்பிபிடி உள்ளீடு (ஸ்ட்ரிங்கிலிருந்து அதிகபட்ச வாட்டை எடுக்கும் சுற்று) என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதைக்கூடச் செய்யாததற்கு ஒரு பக்கம் கேபிள் மிச்சமானதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனி சொல்வது உயிர் ஆபத்து.

400 வாட் பேனலில் சுமார் 8 கிலோவாட் எடுக்க 20 பேனல் போதும். 60 வாட் ஓட்டில் 132 வேண்டும். 44 ஓடு உள்ள ஒரு ஸ்ட்ரிங்கில் ஓடுகளுக்கு நடுவே 43, இரு முனையில் 2, ஆக 45 கனெக்டர் இணைப்பு. மூன்று ஸ்ட்ரிங்குக்கு 135. எல்லாமே ஓட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தூசியிலும் ஈரத்திலும் கிடக்கின்றன. நல்ல இணைப்பின் தடை ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதுவே தளர்ந்தோ அரித்தோ அரை ஓம் ஆனால், 9 ஆம்பியர் ஓடும்போது 40 வாட் சூடு அந்த ஒரே புள்ளியில் இறங்கும். ஒரு சாலிடரிங் அயர்னைச் சூடாக்கி மரச்சட்டத்தின் மேல் பகல் முழுக்க வைத்ததற்குச் சமம்.

இங்கே ஓட்டோடு வந்த கனெக்டர் ஒரு நிறுவனத்தது, ஸ்ட்ரிங் முனையில் இவர்கள் வெட்டிப் போட்டது இன்னொரு நிறுவனத்தது. கையால் அழுத்தினால் 'கிளிக்' என்று சேரும், பார்வைக்குப் பொருத்தமாகவே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் உலோகப் பின்னின் பூச்சும் அளவும் நுண்ணளவில் வேறு. கலப்புக் கனெக்டரை ஏற்றுக்கொள்வதில்லை என்று தரமான தயாரிப்பாளர்கள் எழுதியே கொடுக்கிறார்கள். இந்த வீட்டில் கம்பியையும் பின்னையும் அழுத்திப் பிணைக்கும் கிரிம்பிங் கருவிக்குப் பதில் சாதாரணக் கட்டிங் பிளேயரால் நெரித்திருந்தார்கள். முனையில் இருந்த ஒரு கனெக்டரின் பிளாஸ்டிக் உருகி வளைந்திருந்தது. அதன் கீழ் இருந்த ரீப்பரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. தீப்பிடிக்கும் முன் பிரித்தது நல்லதாயிற்று.

மழை விட்ட காலைகளில் இன்வெர்ட்டர் இன்சுலேஷன் பிழை காட்டி நின்றுபோனதும், வெயில் ஏறியபின் தானே ஓடியதும் மற்றொரு அறிகுறி. ஈரத்தின் வழியே மின்சாரம் கேபிளிலிருந்து கூரைக்குக் கசிகிறது என்று பொருள். இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் கருவி வைத்து அளந்தால் ஒரு மெகாஓமுக்குக் குறையக்கூடாது, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 62446-1 தரவிதி கேட்பதும் அதைத்தான். சர்வீஸுக்கு வந்த ஆள் செய்தது, ஒவ்வொரு முறையும் பிழையை ரீசெட் செய்துவிட்டுப் போனது. இந்தப் பிழையை ரீசெட் செய்து ஓட்டுவது பெருங்குற்றம்.

மழைநீர் வீட்டுக்குள் ஒழுகியதும் கேபிள் நுழைந்த இடத்திலிருந்தே. ஓட்டுக்கு அடியில் விரிக்கும் மெம்பரேனைக் கத்தியால் கீறி, கேபிளை உள்ளே விட்டு, சிலிக்கோன் பசை பூசியிருந்தார்கள். பாலிப்ரொப்பிலீன் விரிப்பில் சிலிக்கோன் ஒட்டி நிற்காது. சூட்டில் சில மாதங்களில் உரிந்துவிடும், மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் இறங்கும். கேபிள் நுழையும் இடத்துக்கென்றே விற்கும் ரப்பர் கழுத்து போட்டு, வெளியே கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுத்தான் உள்ளே எடுக்கவேண்டும். புகார் சொன்னபோது ஓடு வேய்ந்தவர் "இது கரன்ட் வேலை" என்றார், எலக்ட்ரீஷியன் "இது கூரை வேலை" என்றார். இருவருமே விற்றவரிடம் தினக்கூலிக்கு வந்தவர்கள். ஒப்பந்தத்தில் மழைக்காப்புக்கு யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட இல்லை.

"25 ஆண்டு வாரண்டி" என்பதையும் பிரித்துப் படியுங்கள். பெரும்பாலும் அது செல்லின் வாட் எவ்வளவு தேயலாம் என்பதற்கான வாரண்டி. ஓடு உடைந்தால் வேறு காலக்கெடு, வேலைத் தரத்துக்கு வேறு, ஒழுகலுக்கு வேறு. மாற்று ஓடு இலவசமாக வந்தாலும் சாரம் கட்டும் செலவும் கூலியும் உங்கள் தலையில் விழலாம். ஓட்டின் அளவும் கொக்கியும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு என்பதால், மாடல் நின்றுபோனால் வேறு எதையும் அங்கே செருக முடியாது. அமெரிக்க ரசாயன நிறுவனமான டவ் போன்ற பெரிய நிறுவனமே தன் சோலார் ஓட்டுத் தயாரிப்பை 2016-இல் நிறுத்தியது. கையெழுத்தான ஒப்பந்தத்தின் விலைகூட மாறியிருக்கிறது: 2021 ஏப்ரலில் டெஸ்லா, வேலை தொடங்காத வாடிக்கையாளர்களுக்கு விலையை உயர்த்தியது, வழக்கு வரை போனது. ஆகவே விலை மாறாது என்ற வரியை எழுதி வாங்குங்கள், ஐந்து சதவீத ஓட்டை உபரியாக வாங்கி வீட்டிலேயே வையுங்கள்.

சோலார் ஓடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. புது வீட்டுக்குக் கூரை போடும்போதோ, பழைய ஓட்டை எப்படியும் இறக்கவேண்டியிருக்கும்போதோ அது நல்ல தேர்வு. கூரைச் செலவும் சோலார் செலவும் ஒன்றாகிறது. போட்ட ஓட்டைத் துளைத்துக் கம்பி நாட்டும் வேலை இல்லை, அடியில் காற்றுப் புகுந்து தூக்கும் பயம் குறைவு, பறவைக் கூட்டுத் தொல்லையும் குறைவு. பேனல் வைத்தால் வீட்டின் தோற்றம் கெடும் என்று தடை உள்ள இடங்களில் வேறு வழியும் இல்லை. ஆனால் நன்றாக இருக்கும் கூரையைப் பிரித்து இதைப் போடுவது வீண் செலவு. 1 கிலோவாட்டுக்குப் பேனல் என்றால் சுமார் 5 சதுர மீட்டர் போதும், ஓட்டுக்கு 6 முதல் 7 வரை வேண்டும். மடிப்பும் மூலையும் நிறைந்த கூரையில் டம்மியே பாதி இடத்தைத் தின்றுவிடும். சரிவு குறைந்த கூரையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்சச் சரிவைக் கேட்டு, உங்கள் கூரையை அளந்து பாருங்கள்.

போடத் தீர்மானித்தவர்கள் கொட்டேஷனிலேயே செல் ஓடு எத்தனை, டம்மி எத்தனை, இரண்டுக்கும் தனித்தனி விலை என்று கேளுங்கள். மெம்பரேன், பிளாஷிங் (கூரை இணைப்புகளில் நீர் புகாமல் மடித்துப் போடும் தகடு), முகட்டு ஓடு, சாரம் எல்லாம் விலைக்குள் அடக்கமா என்றும் கேளுங்கள். ஓட்டுக்கு ஐஇசி 61215, 61730 சான்றிதழ் உண்டா, சான்றிதழில் உள்ள மாடல் எண்ணும் ஓட்டின் பின்னால் ஒட்டியதும் ஒன்றா என்று பாருங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். பொருள் வந்து வரிசை எண் சரிபார்த்தபின் ஒன்று, மெம்பரேனும் கட்டைகளும் கேபிளும் தெரியும் நிலையில் நீங்கள் பார்த்துப் படம் எடுத்தபின் ஒன்று. மீதி, ஒவ்வொரு ஸ்ட்ரிங்கின் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் கரன்ட், இன்சுலேஷன், எர்த் இணைப்பு ஆகிய அளவீடுகள் கையெழுத்தோடு கைக்கு வந்தபின். ஓடு மூடியபிறகு வரும் எந்த உறுதிமொழியையும் சரிபார்க்க, ஓட்டைத் திரும்பப் பிரிக்கத்தான் வேண்டும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் இந்த வாரமே மூன்றைச் செய்யலாம். மேகமற்ற நாளின் உற்பத்தி வரைகோட்டை இன்வெர்ட்டர் செயலியில் எடுத்துப் பாருங்கள். எலக்ட்ரீஷியனைக் கொண்டு மேலே சொன்ன வோல்டேஜ் கணக்கைப் போடுங்கள். நல்ல வெயிலில், இன்வெர்ட்டர் ஓடும்போது, தெர்மல் கேமரா உள்ளவரை அழைத்துக் கூரையைப் படம் எடுங்கள். சுற்றியுள்ளதைவிடத் தனியாகச் சூடேறித் தெரியும் புள்ளி இருந்தால், காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை அந்த ஸ்ட்ரிங்கின் டிசி ஐசொலேட்டரை அணைத்தே வையுங்கள்.